வெர்லின் ப்ராட்டர் ஆம்புலன்ஸ் வாங்கிய கதை

பிக்கரல் கவுண்டி என்ற மாவட்டத்தில் யாருக்காவது ஆபத்து வருவதாக இருந்தால், அது திங்கள் முதல் வியாழன் வரை, காலை எட்டு மணிக்கு மேல் மாலை நான்கு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று கவுண்டி ஆணையர் குழு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மற்ற நேரத்து ஆபத்துகளைக் குழு அடியோடு கைகழுவிவிட்டது என்று சொல்ல முடியாது. 911 என்ற அவசர எண்ணுக்கு அடித்தால் ஒரு பெண்குரல் பதிவு இனிமையாகப் பேசும். "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை" என்று ஆரம்பித்து, "இந்தச் சேவையை உங்களுக்கு வழங்குவோர் ஸ்வீட்டன்ஹாம் சவ அடக்க நிலையத்தார்" என்று முடிக்கும். விளம்பரம் கொடுக்க முன்வந்தது அவர்கள் மட்டும்தான். வியாபாரம் தெரிந்தவர்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கையில் காசில்லாததுதான். ஷெரிஃபின் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சேர்த்துச் சொத்துவரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். மக்கள் கூடாது என்றார்கள். அடுத்த வருஷம் திரும்பவும் கேட்டார்கள். மக்கள் இன்னும் பலமாகக் கூடாது என்றார்கள். அப்படி ஓட்டுப் போட்டவர்களில் க்ரோ ஃபோர்டு ஊர் வெர்லின் ப்ராட்டரும் ஒருவன். மாடு வளர்க்கிறவன், அறுபதைத் தாண்டியவன், நல்லவன். வரி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடிப்பான். "என் காசை வாங்கி ஹார்ட்வெல்ல கவுண்டி ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்குச் சுழல் நாற்காலி வாங்கவா?" என்பது அவன் கட்சி. செலவை வெட்டினால் வெட்டு அந்த நாற்காலியில்தான் விழும் என்று அவன் மனதார நம்பினான். அந்தப் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள்.

நாற்காலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷெரிஃபின் ஆட்கள்தான் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் குறைந்து இரண்டு பேரில் வந்து நின்றார்கள். ஆளில்லாத ரோந்துக் கார்களில் அட்டையில் வெட்டிய போலீஸ்காரர்களை உட்கார்த்தி நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்திவைத்தார்கள். அட்டைப் போலீஸ் காபி குடிக்காது, ஓவர்டைம் கேட்காது. அந்த வருஷத்தின் சிறந்த ஊழியர் விருது அதற்கே போயிற்று. விருது வாங்க அதை மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்த நிஜப் போலீஸ்காரருக்கு மறுவாரமே வேலை போய்விட்டது.

இதுவரைக்கும் வெர்லினுக்கு எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்ததாகக் க்ரோ ஃபோர்டு ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது சிரிப்பு நின்றது. அவன் மனைவி மேவிஸுக்கு இதயம் சரியில்லை. இரண்டு தடவை அது நின்றுபோகப் பார்த்து, இரண்டு தடவையும் இந்த நிலையத்து வண்டி, அடுப்பில் வைத்த காபி கொதிப்பதற்குள் வாசலுக்கு வந்து அவளை மீட்டிருக்கிறது. இனிமேல் வண்டி ஹார்ட்வெல்லிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது வெர்லினுக்குத் தெரியும். மேவிஸுக்கும் தெரியும்.

"வரி கூடாதுன்னு ஓட்டுப் போட்டது யாரு?" என்றாள் அவள், முட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டே.

"நான் நாற்காலிக்குத்தான் கூடாதுன்னேன்."

"ஓட்டுச் சீட்டுல நாற்காலின்னு போட்டிருந்துச்சா?"

வெர்லின் மாட்டுக்குத் தீவனம் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டான். ஏற்கெனவே போட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆணையர் கூட்டத்துக்கு அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனான். முதலில் பிரார்த்தனை நடந்தது. பிறகு எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொன்னார்கள். பிறகு டாக்டர் விட்லாக் என்ற அம்மையார் எழுந்தார். அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. செலவைக் குறைப்பது எப்படி என்று சொல்வதற்காகப் பெருந்தொகை கொடுத்து வரவழைத்த ஆலோசகர். திரையில் ஒரு கோடு மேலேயிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்தது.

"நல்ல செய்தி. நம்ம கவுண்டியில 911-க்கு வர்ற அழைப்பு பாதியாக் குறைஞ்சிருக்கு" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "பாதி நேரம் போனை எடுக்க ஆளில்லையேம்மா" என்றார்.

"அதையேதான் நானும் சொல்றேன். போன் எடுக்கறதை நிறுத்தின வாரத்திலேருந்தே ஆபத்து குறைய ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் கொஞ்சம் நிறுத்தினா இன்னும் குறையும்." அடுத்த படத்தைப் போட்டார். "ஆம்புலன்ஸ் தாமதமா வருதுன்னு புகார் சொல்றாங்க. முன்னாடியெல்லாம் நோயாளி கூப்பிட்ட நேரத்திலேருந்து கணக்கு எடுத்தாங்க. அது ஒருதலைப்பட்சம். இப்ப வண்டி நோயாளி வாசல்ல வந்து நிக்கிற நேரத்திலேருந்து எடுக்கிறோம். தாமதம்னு ஒண்ணே கிடையாது."

ஆணையர்கள் கைதட்டினார்கள். வெர்லினும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நேரம் வந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜை மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பல்பு. கருத்துக்குக் குழு பதில் சொல்லக் கூடாது என்பது விதி; அந்த விதியை மட்டும் பிக்கரல் கவுண்டியில் ஒருநாளும் யாரும் மீறியதில்லை. வெர்லினுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வணக்கம் சொல்லி, தன் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் எரிந்துவிட்டது.

"என் பொண்டாட்டிக்கு நெஞ்சுவலி வரும். இந்த வண்டி இல்லேன்னா அவ பிழைக்க மாட்டா. வேற ஒண்ணும் சொல்ல வரல. வண்டியை விட்டுடுங்க, அவ்வளவுதான்" என்றான். சிவப்பு எரிந்தது.

"உங்க கருத்துக்கு நன்றி" என்றார் தலைவர் டுவேன் ஹஸ்லப்.

"இது கருத்து இல்லைங்க. என் பொண்டாட்டி."

"நேரம் முடிஞ்சிடுச்சு, வெர்லின்."

தலைவர் ஹஸ்லப் நல்ல உயரம், அதற்கேற்ற தொப்பி. தீர்மானத்தை வாக்குக்கு விடுவதற்கு முன் அவர் எழுந்து நின்று பேசினார். "நாமெல்லாம் சொந்தக் கால்ல நிக்கிற ஜனங்க. எங்க தாத்தாவைப் பாம்பு கடிச்சப்ப அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடல. பாக்கெட் கத்தியை எடுத்து அவரே கீறிக்கிட்டார்."

"அப்புறம்?" என்றார் அதே பின்வரிசைக்காரர்.

"செத்துப்போனார். ஆனா அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவு வைக்காமச் செத்தார். அந்த மன உறுதி இன்னைக்கு எங்க போச்சு? சட்டியில இருந்தாத்தானேய்யா அகப்பையில வரும்?"

க்ரோ ஃபோர்டு ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடும் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த தீர்மானம் கூட்ட அரங்குக்குப் புது நாற்காலிகள் வாங்குவது. அதுவும் நிறைவேறியது.

சனிக்கிழமை, கோர்ட்டு வாசல் புல்தரையில் கவுண்டிக்கு வேண்டாத சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒரு பக்கம் ஆப்பிள் பை பலகாரம் விற்றார்கள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூட வாத்தியக்குழு வாசித்தது. ஏலக்காரர் மூச்சு விடாமல் கத்தினார். கைவிலங்குகள் போயின. தீயணைப்புக் குழாய் கஜக் கணக்கில் போயிற்று. ஷெரிஃபின் மோப்ப நாயை ஏலத்தில் எடுத்தது, அது முன்பு மோப்பம் பிடித்துக் காட்டிக்கொடுத்த கஞ்சா வியாபாரிதான் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியாக ஆம்புலன்ஸ் வந்தது.

அதற்கு ஆசைப்பட்டது ஒரே ஒருவர். மான் வேட்டைக்குப் போகும்போது உள்ளே படுத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று அவர் நினைத்தார். அவர் ஒரு விலை சொன்னார். வெர்லின் கையைத் தூக்கினான். அவர் மேலே போனார். வெர்லின் தூக்கிய கையை இறக்கவே இல்லை. மீன் பிடிக்கிற படகு போயிற்று என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டான். பிறகு இரண்டு கறவை மாடும் போயிற்று. அரசாங்கம் காப்பாற்றாவிட்டால் போகட்டும், என் பெண்டாட்டியை நான் காப்பாற்றிக்கொள்கிறேன் என்ற வீம்பு ஒரு பக்கம். அவள் போய்விடுவாளோ என்ற பயம் மறுபக்கம். இரண்டில் பயம்தான் பெரியது. வேட்டைக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டார்.

வண்டியை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் மேவிஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குக் கொடுத்ததை வரியாக் கட்டியிருந்தா நம்ம பேரன் காலம் வரைக்கும் காணுமே."

"வரி வேற, இது வேற. இது என் வண்டி."

"தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறதுல உனக்கு நிகர் யாரும் இல்ல" என்றாள். பிறகு பின்கதவைத் திறந்து, தான் இரண்டு முறை படுத்து வந்த அந்தக் கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "மெத்தையை வெயில்ல போடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண் கலங்கியிருந்ததை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

திங்கட்கிழமை மெத்தையை வெயிலில் போட்டு, அது காய்வதற்குள் போன் வந்தது. லொரெட்டா பேசினாள். 911-இல் மிஞ்சியிருந்த ஒரே நிஜக்குரல் அவளுடையதுதான்.

"வெர்லின், உங்கிட்ட ஆம்புலன்ஸ் இருக்காமே?"

"அது மேவிஸுக்கு வாங்கினது."

"மேவிஸுக்கு இப்ப ஏதாவது பண்ணுதா?"

"இல்ல."

"அப்ப சும்மாத்தானே நிக்குது? உன் பக்கத்துப் பண்ணை ஹார்வி வைக்கோல் போர்லேருந்து விழுந்து காலை முறிச்சுக்கிட்டான். கத்துறது உனக்கே கேக்குமே?"

கேட்டது. வெர்லின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வைத்தியம் படித்தவர்கள் வேலை போய் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டதால், ஆக்சிஜன் மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்று அந்த வண்டியில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு அதை மாட்டியிருக்கிறார்கள் அல்லவா!

அன்றிலிருந்து கவுண்டியின் மேற்குப் பாதி முழுவதும் வெர்லின் தலையில் விழுந்தது. இதய நோயாளி மற்ற நோயாளிகளுக்கு மாஸ்க் மாட்டிவிட, மாட்டுக்காரன் வண்டி ஓட்டினான். ஒரு குழந்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. வெர்லின் நூறு மாடுகளுக்குப் பிரசவம் பார்த்தவன் என்பதால் பதறவில்லை. ஜனங்கள் கூலியாகக் கறிப் பொரியலும் ஆப்பிள் பை பலகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்ரோலுக்கு அவன் மூன்றாவது மாட்டை விற்றான். ஆஸ்பத்திரி டாக்டர்தான் ஒருநாள் மேவிஸின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க இங்க நோயாளியா வரணும், இல்லேன்னா வீட்ல இருக்கணும். ஓடியாடி ஆளைத் தூக்கினீங்கன்னா அடுத்த தடவை நான் பொறுப்பில்ல" என்று கண்டிப்பாகச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு வெர்லின் தனியாகப் போனான்.

இந்தச் சேவையைக் கவுண்டி மறந்துவிடவில்லை. ஆணையர் குழு அவனை அழைத்து, மரத்தில் செதுக்கிய கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தது.

"அன்னைக்குக் கூட்டத்துல என்ன சொன்னாங்க? நிலையத்தை மூடினா ஜனங்க செத்துடுவாங்கன்னாங்க" என்று தலைவர் ஹஸ்லப் முழங்கினார். "மூடினோம். என்ன ஆச்சு? இதோ, ஒரு வெர்லின் வந்தான்! அரசாங்கம் ஒதுங்கி நின்னா ஜனங்களுக்குள்ள இருக்கிற வெர்லின் வெளியில வருவான். ஒரு நிலையத்தை மூடி ஒரு வெர்லின் கிடைச்சான்னா, எல்லா நிலையத்தையும் மூடினா எத்தனை வெர்லின் கிடைப்பான்?"

டாக்டர் விட்லாக் அதற்கும் ஒரு படம் வைத்திருந்தார். 'வெர்லின் முறை' என்று அதன் தலைப்பு. கவுண்டியில் மீதி இருந்த ஆம்புலன்ஸ்கள் அத்தனையையும் விற்றுவிடும் தீர்மானம் அங்கேயே, அவன் கேடயத்தோடு நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது.

"அய்யய்யோ, வேணாங்க! நான் ஒருத்தன்தான் இருக்கேன், எனக்கு முதுகுவலி" என்றான் வெர்லின்.

"கேடயம் வாங்கறவங்க பேச நேரம் ஒதுக்கலை" என்றார் எழுத்தர், மரியாதையாக. போட்டோ எடுத்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லா நிலையத்தையும் மூடிய பிறகும் கவுண்டிக்குக் கிடைத்தது அதே ஒரு வெர்லின்தான்.

இலையுதிர்காலத்தில் தேர்தல் வந்தது. தலைவர் ஹஸ்லப் தன் பண்ணை வாசலில் ஏணி போட்டு ஏறி, 'குறைந்த வரி, நிறைந்த பாதுகாப்பு' என்ற பலகையைத் தானே ஆணியடித்து மாட்டினார். சொந்தக் காலில் நிற்கிற மனிதர். ஏணி சொந்தக் காலில் நிற்கவில்லை. கணுக்கால் பிசகி, பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்று வியாழன், நல்ல பகல் நேரம், ஆபத்துக்கு அனுமதி உள்ள வேளை. லொரெட்டா வெர்லினைக் கூப்பிட்டாள். அவன் தெற்குக் கோடி வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அவரை ஏற்றினான்.

"இவ்வளவு நேரமாய்யா வர்றதுக்கு?" என்றார் அவர்.

"வாசல்ல நின்ன நேரத்திலேருந்து பார்த்தா நேரமே ஆகலைங்க" என்றான் வெர்லின். கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் கணக்கு என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பண்ணைச் சாலை நெடுஞ்சாலையைத் தொடுகிற இடத்துக்கு வண்டி வந்துகொண்டிருந்தபோது ரேடியோ கரகரத்தது.

"வெர்லின், உன் வீட்டிலேருந்து கூப்பிட்டாங்க." லொரெட்டாவின் குரல் எப்போதும் போல இல்லை.

"யாரு?"

"யாரா? மேவிஸ்தான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறா."

"பக்கத்துல எந்த ஆம்புலன்ஸ் இருக்கோ அதை அனுப்பு, லொரெட்டா!"

"பக்கத்துல இருக்கிற ஆம்புலன்ஸைத்தான்யா கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஹார்வியை ஓடச் சொல்லு!"

"ஹார்வி எங்க ஓடுவான்? கால் கட்டு இன்னும் பிரிக்கல, நீதானே ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டுவந்து விட்ட."

சந்திப்பு வந்துவிட்டது. இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி. வலது பக்கம் திரும்பினால் மேவிஸ். வெர்லின் வலது பக்கம் திருப்பினான். வாய் தன்னால் கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"யோவ், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்!" என்று பின்னாலிருந்து தலைவர் கத்தினார். "நான் ஆணையர் குழுத் தலைவர்! நான்தான் முதல்ல கூப்பிட்டேன்!"

வெர்லின் சைரனைப் போட்டான்.

மேவிஸ் சமையலறைத் தரையில், அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. மூச்சு இருந்தது. அவளைத் தூக்க ஒரு ஆளால் ஆகவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கி வந்த தலைவர் கால் பக்கத்தைப் பிடித்தார். அந்த வேலையைத் தள்ளிவிட அங்கே வேறு ஆள் இல்லை. கட்டிலில் அவளைக் கிடத்தியதும் வெர்லின் மாஸ்க்கை எடுத்து அவர் கையில் திணித்தான்.

"நான் ஓட்டணும். இதை அவ மூக்குமேல அழுத்திப் பிடிங்க. அவளைத் தூங்க விடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதேய்யா!"

"எனக்கும்தான் தெரியாது" என்று சொல்லி வெர்லின் கதவைச் சாத்தினான்.

தலைவருக்குப் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று, மேவிஸின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்திருந்தார். மறு கையால் சின்ன ஜன்னலைத் தட்டி, "இன்னும் எவ்வளவு தூரம், வெர்லின்? இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு முன்னால் தாண்ட வேண்டிய மலை இனிமேல்தான் வர வேண்டியிருந்தது.

க்ரோ ஃபோர்டு கடைத்தெரு முடிகிற இடத்தில் சாலையோரமாக ஒரு கட்டடம் வந்தது. பெரிய இரும்புக் கதவு, நெற்றியில் சிவப்பு எழுத்து. தலைவர் அதைப் பார்த்துவிட்டார். முகத்தில் உயிர் வந்தது.

"நிறுத்து! நிறுத்துய்யா! இதோ ஆம்புலன்ஸ் நிலையம் இருக்கே! உள்ள படிச்ச ஆளு இருப்பாங்க, நிறுத்து!"

வெர்லின் வேகத்தைக் குறைக்கவில்லை. இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டடம் பின்னால் போயிற்று. தலைவர் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கை தளர்ந்து மாஸ்க் நழுவியது. மேவிஸ் கண்ணைத் திறந்தாள்.

"அங்க யாரும் இல்லைங்க" என்றாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "இப்ப நீங்கதான் இருக்கீங்க. சரியாப் பிடிங்க."

தலைவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.